மாமாவின் பெயரை வரைந்தவள்

என் ஓரகத்தி சல்கினாய்க்குக் கிறுக்குப் பிடித்தது ஒரு மருந்துக்கடைப் பலகையைப் பார்த்துத்தான். எங்கள் ஊர் கோச்கோரில் எல்லோரும் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த பலகை அது. எழுதியவன் இடத்தை அளக்காமல் ஆரம்பித்துவிட்டு, கடைசியில் இடம் போதாமல் இரண்டு எழுத்தை ஒல்லியாக்கி ஓரத்தில் செருகியிருப்பான். தலைவலி மாத்திரை வாங்கப் போனவள் மாத்திரை வாங்காமலே திரும்பி வந்தாள். அந்த இரண்டு எழுத்தும் மூச்சுவிட முடியாமல் நிற்கின்றன, பார்த்ததில் தலைவலி கூடிவிட்டது என்றாள். நான் பால் கறந்துகொண்டிருந்தேன். எழுத்துக்கு மூச்சாம். இவளுக்கு வேலை குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை ஒன்றும் குறைவில்லை. மாவட்ட மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். வீட்டுக்கு வந்தால் மாடு, அடுப்பு, இரண்டு பெண் பிள்ளைகள். அவள் புருஷன் ஏர்மெக், என் வீட்டுக்காரருக்குத் தம்பி, கோச்கோருக்கும் நாரினுக்கும் நடுவே வாடகைக் கார் ஓட்டுகிறான். மாமனார் மாமியார் வீடு நடுவில், எங்கள் வீடு ஒரு பக்கம், அவர்கள் வீடு இன்னொரு பக்கம், முற்றம் ஒன்றுதான். ஆகையால் யாருக்குக் கிறுக்குப் பிடித்தாலும் மூன்று வீட்டுக்கும் பங்கு உண்டு.

ஆஸ்பத்திரியில் ஆள் வராத நேரத்தில் கைபேசியில் பாடம் பார்த்தே கற்றுக்கொண்டாள். யாரோ ஒரு தாடிக்காரன் ருஷ்ய மொழியில் சொல்லிக்கொடுக்கிற டிசைன் பாடம். எதை ஆரம்பித்தாலும் "இது ரொம்பச் சுலபம்" என்றுதான் ஆரம்பிப்பானாம். அந்தச் சுலபத்தைச் செய்ய இவளுக்கு ஒரு வாரம் பிடிக்கும். பிறகு ஏர்மெக் நாரினிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைக் காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்துக் கொண்டுவந்தான். அன்றைக்கு ஆரம்பித்தது என் தொல்லை. ஒரே படத்தை இரண்டு தடவை காட்டி எது நன்றாயிருக்கிறது என்று கேட்பாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை மாற்றியிருக்கிறாளாம். தெரியவில்லை என்றால் முகம் வாடிவிடும். தெரிகிறது என்றால் எங்கே என்று கேட்பாள்.

அவள் சந்தோஷமாக இதைச் செய்தாள் என்று நினைத்தால் தப்பு. பொழுதுபோக்கு என்பது பொழுதைப் போக்க வேண்டும். இது அவள் உயிரை வாங்கியது. யோசனையெல்லாம் மாட்டுக்குத் தீனி போடும்போது வருமாம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஓடிப்போகுமாம். ஒருநாள் ரொட்டி மாவு பிசைந்துகொண்டே என்னிடம் கொட்டித் தீர்த்தாள்.

"கண்ணு முன்னாடி ஓடிடுச்சுக்கா. கை பின்னாடி நொண்டிக்கிட்டு வருது. நான் பண்றது மோசம்னு இப்ப நல்லாவே தெரியுது. நல்லதாக்குறது எப்படின்னு மட்டும் தெரியலே. இந்த எழவைக் கத்துக்காமலே இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்."

அப்படியானால் விட்டுவிடு என்றேன். விட முடிந்தால் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றாள்.

அந்தக் கிறுக்கு எனக்கும் கொஞ்சம் தொற்றியதுதான் கொடுமை. இப்போதெல்லாம் சந்தைக்குப் போனால் உருளைக்கிழங்கைப் பார்ப்பதற்கு முன்னால் பலகையைப் பார்க்கிறேன். எல்லாம் கோணல். முன்பு இந்த ஊர் நன்றாகத்தான் இருந்தது.

பஸ் நிற்கும் இடத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ரொட்டி, தேயிலை, சர்க்கரை, சோப்பு, காலுறை, எல்லாம் விற்பேன். அதற்குப் பலகை செய்து தருகிறேன் என்று வந்தாள். எல்லாப் பொருளின் பெயரையும் எழுது, மேலே ஆப்பிள் போடு, ஓரத்தில் பூப்போடு என்றேன். இவள் மஞ்சள் பலகையில் ‘ரொட்டி’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொண்டுவந்தாள். ஓடுகிற வண்டியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு வார்த்தைக்கு மேல் படிக்க நேரமில்லை என்று தாடிக்காரன் சொன்னானாம். உண்மைதான். இப்போது நாரின் போகிற வண்டியெல்லாம் நிற்கிறது, எல்லோரும் ரொட்டி வாங்குகிறார்கள். காலுறை மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது.

அவளுடைய பெரிய எதிரி நாங்கள் விருந்துக்கு விரிக்கும் துணி. எங்கள் பக்கத்தில் விருந்தாளி உட்கார்ந்தால் கீழே விரித்த துணி கண்ணில் படக் கூடாது. எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டு, போர்சோக், அதைக் கொட்டி, அதன்மேல் ஜாம், வெண்ணெய், உலர்ந்த பழம், மிட்டாய், ஒரு விரல் வைக்க இடமில்லாமல் நிரப்ப வேண்டும். துணி தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் அவமானம். அப்படி வளர்ந்த கண்களுக்கு இவள் காலி இடம் விட்டு அழைப்பிதழ் செய்து தந்தால் என்ன ஆகும்? "மருமகளே, இங்க இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, ரெண்டு ரோஜா வை" என்பார்கள். ரோஜா வைத்தால் புறா கேட்பார்கள். புறா வைத்தால் மோதிரம். எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு இவள் பாடுபட்டு ஓர் அழைப்பிதழ் செய்தாள். மாப்பிள்ளையின் அம்மா அதைத் தன் கைபேசியில் திறந்து, கிடைத்த இடத்திலெல்லாம் மினுங்கும் இதயங்களை ஒட்டி ஊர் முழுக்க அனுப்பிவிட்டாள். கீழே ‘சல்கினாய் செய்தது’ என்று நன்றி வேறு. அன்று முழுவதும் இவள் கைபேசியைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தாள்.

கேட்கிறவர்களுக்கும் குறைவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், என் பேரன் தலையைக் கழுகுமேல் ஒட்டிக்கொடு என்பார்கள். நாலு பேர் உறவு வேண்டுமென்றால் ஒட்டித்தான் ஆக வேண்டும். ஒட்டிக் கொடுப்பாள். பிறகு என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து டீ மேல் டீயாகக் குடிப்பாள்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் குடும்பம் கூடியது. அடுத்த வருடம் மாமாவுக்கு, அதாவது எங்கள் மாமனாருக்கு, எண்பது, பெரிய விருந்து வைக்க வேண்டும் என்று பேச்சு. கறிக்குக் குதிரை யார் தருவது, மண்டபம் எது, பாட்டுக்காரர் யார் என்று ஆளாளுக்கு நாட்டாமை. எல்லாம் முடிந்தபோது, கூட்டங்களில் டீ ஊற்றுவதைத் தவிர வாய் திறக்காத சல்கினாய், கெண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். மண்டபத்தில் மாமாவுக்குப் பின்னால் மாட்டுகிற பேனரைத் தான் செய்வதாகவும், யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் சரி என்றார். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்திருந்த பெரிய நாத்தனாரும் தலையை ஆட்டினார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவள் மனதில் இருந்தது மாமாவின் பெயர் மட்டும். படம் கிடையாது, மலை கிடையாது, கழுகு கிடையாது. மாமா ஆயுள் முழுக்க டோலோன் கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். பேனர் முழுக்க வெள்ளை. அதன் நடுவே அவர் பெயர், கரும்பழுப்பில். ஒவ்வொரு எழுத்தின் கோடும் ஒரே அகலம், பனி தள்ளும் வண்டியின் அலகு ஒருமுறை போன தடம் எவ்வளவு அகலமோ அவ்வளவு. பெயரைப் படிப்பவன் ரோட்டில் போவதுபோல் படிக்க வேண்டுமாம்.

இங்கேதான் சிக்கல். நாங்கள் இருவரும் மருமகள்கள். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. மாமாவின் பெயர் போதாத காலத்துக்கு ஒரு பிராணியின் பெயரும்கூட. மலையிலிருந்து இறங்கி வந்து ஆட்டைத் தூக்கிக்கொண்டு போகுமே, அது. அதையும் நாங்கள் சொல்வதில்லை. ஒரு பனிக்காலத்தில் அது எதிர்வீட்டுத் தொழுவத்தில் புகுந்தபோது நானும் சல்கினாயும் வாசலில் நின்று "ஊளைக்காரன், ஊளைக்காரன்" என்றுதான் கத்தினோம். எதிர்வீட்டுக்காரருக்கும் புரிந்தது. அவர் வீட்டிலும் மருமகள்கள் உண்டு.

ஆக, வாயால் ஒருமுறைகூடச் சொல்லாத பெயரை அவள் ஒரு வருடம் வரைந்தாள். கம்ப்யூட்டரில் கிடைக்கிற அழகான எழுத்துருவெல்லாம் ருஷ்யர்களுக்குச் செய்தவை. நாங்களும் ருஷ்ய எழுத்தில்தான் எழுதுகிறோம், ஆனால் எங்கள் மொழிக்கே உரிய எழுத்துகள் அவற்றில் இருக்காது. மாமா பெயரில் அப்படி இரண்டு எழுத்து வருகிறது. மற்ற எழுத்தெல்லாம் அழகாக நிற்கும், அந்த இரண்டு இடத்தில் மட்டும் வெறும் கட்டம் தெரியும். முதலில் பக்கத்து எழுத்தை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டு ஒப்பேற்றப் பார்த்தாள். கடன் வாங்கின சட்டை மாதிரி இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முழுப் பெயரையும் தானே வரைய ஆரம்பித்தாள். கோடை மேய்ச்சலுக்கு மலைமேல் போனபோதும் கட்டம் போட்ட தாளோடு போனாள். வளைவு சரியாக வரவில்லை என்று தாளைக் கிழித்து அடுப்பில் போடுவாள். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, அவர் பெயரை எரிக்கிறாயா என்று ஒரு சண்டை. நாள் பூராவும் நடந்தது.

மாமியாருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவரும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. "வாயால சொல்லாததைக் கையால நாலு மீட்டருக்கு எழுதுவியா?" என்று கேட்டார். கைக்கு யாரும் தடை போடவில்லையே அத்தை என்றாள் சல்கினாய். மாமியார் யோசித்துப் பார்த்து, கை சரி, வாய் கூடாது என்று முடித்துவிட்டார்.

முடிந்ததை எனக்குக் காட்டியபோது எப்போதும்போல ஒன்றும் புரியாத முகத்தோடுதான் குனிந்தேன். வெள்ளை. நடுவில் அந்தப் பெயர். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு டோலோன் கணவாய் தெரிந்தது. கலியாணமாகி வந்த வருடம் கணவாயில் மாட்டிக்கொண்ட பஸ்ஸுக்கு முன்னால் மாமாவின் வண்டி பனியை ஒதுக்கிக்கொண்டே போனதும், பின்னால் கறுப்பாக ரோடு வந்ததும் தெரிந்தது. எது நன்றாயிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த ஒரு தடவை எனக்குப் பதில் தெரியும்.

ஏர்மெக் அதைப் பென்டிரைவில் போட்டு நாரினில் கெஞ்செபெக்கின் அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தான். இந்தக் கெஞ்செபெக் ஒரு விசித்திரமான ஆள். முன்பு ஒரு கல்யாணத்தில் பெண்ணின் பெயரை மாற்றி அடித்துக் கொடுத்து, பெண்வீட்டாரிடம் அடியும் வாங்கியவன். அன்றிலிருந்து எழுத்தை நம்புவதில்லை. மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் ஆர்டர் கொடுத்த வீட்டுக்குப் போன் போடுவான். பேனரில் இருக்கிற பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு பண்ணி வைத்துக்கொள்வான். நாளைக்குத் தகராறு வந்தால் குரல் சாட்சி.

விருந்துக்கு முந்தின நாள் முற்றத்தில் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தோம். பெரிய கொப்பரையில் எண்ணெய் கொதிக்கிறது. தெருப் பெண்கள் எல்லோரும் மாவு உருட்ட வந்திருந்தார்கள். மாமியார் மணைமேல் உட்கார்ந்து மாவு வெட்டுகிறார். பெரிய நாத்தனார் காலையில்தான் பிஷ்கெக்கிலிருந்து வந்திறங்கியிருந்தார். ஆண்கள் குதிரை பிடிக்க மலைக்குப் போயிருந்தார்கள், அங்கே போன் எடுக்காது. கெஞ்செபெக்கின் அழைப்பு சல்கினாய்க்கு வந்தது. கையெல்லாம் மாவு என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

ஒரே விருந்துக்கு இரண்டு பேனர் வந்திருக்கிறதே என்றான் அவன். ஒன்று ஏர்மெக் கொடுத்தது, வெள்ளை. இன்னொன்று பிஷ்கெக்கிலிருந்து ஒரு அம்மா போனில் அனுப்பியது, குதிரை போட்டது. எதை அடிப்பது? ஒரு மணி நேரத்தில் மெஷின் வேறு வேலைக்குப் போய்விடும்.

சல்கினாய் நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் போர்சோக்கைப் பார்த்தார். ஏர்மெக்கிடம் முன்கூட்டியே படம் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார், பயந்துபோய் தானே ஒன்று செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பிறகுதான் இதெல்லாம் தெரிந்தது.

"வெள்ளை," என்றாள் சல்கினாய். "வெள்ளையைத்தான் அடிக்கணும்."

"சரிம்மா. பேரைச் சொல்லுங்க, பதிவு பண்ணிக்கிறேன்."

அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. முற்றத்தில் உருட்டுகிற கை எல்லாம் நின்றுவிட்டது. மாமியார் கத்தியை மாவில் வைத்தபடியே இருந்தார்.

"எண்பது வயசுக்காரர்," என்றாள். "டோலோன்ல பனிவண்டி ஓட்டினவர்."

"அது பேர் இல்லேம்மா. பேர் சொல்லுங்க."

"வெள்ளையில ஒரே ஒரு பேருதானே இருக்கு? அதுதான்."

"அது எனக்கும் தெரியுது. உங்க வாயால சொல்லணும். இல்லேன்னா ஏத்தமாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய, என் வாயிலும் அதே பூட்டுதான். தெருப் பெண்கள் சொல்லலாம், ஆனால் அடுத்த வீட்டு விஷயத்தில் எவள் வாயைக் கொடுப்பாள்? அப்போதுதான் பெரிய நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"குடு இங்க. எங்கப்பா பேர் எனக்குச் சொல்ல வரும்."

வாங்கினார். கணீரென்று சொன்னார், அப்பா பெயர், தாத்தா பெயர், எல்லாம். பிறகு அதே மூச்சில், "தம்பி, அந்தக் குதிரை போட்டதையே அடிச்சிடு. மத்ததுல ஒண்ணுமே இல்லே, ஏதோ காசில்லாத வீடு மாதிரி இருக்கு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். சல்கினாயின் தோளைத் தட்டி, கோவிச்சுக்காதே, நீ கஷ்டப்பட்டது தெரியும், சின்ன விருந்துக்கு அதை வச்சுக்கலாம் என்றார். மனசார நல்லது செய்ததாகத்தான் நினைத்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எனக்கு அந்தக் கொப்பரையைக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. நாத்தனார் பெயரையும் நாங்கள் சொல்லக் கூடாது, இல்லையென்றால் அன்று பெயரைச் சொல்லியே திட்டியிருப்பேன். சல்கினாய் திட்டவுமில்லை, அழவுமில்லை. மாவைப் போட்டாள், பொரிந்ததை எடுத்தாள். முகம் மட்டும் வெந்துபோயிருந்தது.

மறுநாள் மண்டபத்தில் மாமா உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால் அந்தப் பேனர். தங்க நிறத்தில் ஆட்டுக்கொம்பு வேலைப்பாடு. மூன்று குதிரை, ஒரு கழுகு, மலை, ஏரி, அந்த ஏரிக்கு மேலே சூரியன் உதிக்கிறது, பக்கத்திலேயே நிலாவும் இருக்கிறது. நடுவில் மாமாவின் தலையை வெட்டி யாரோ ஒருவரின் கோட்டுச்சட்டை உடம்பில் ஒட்டியிருந்தார்கள். காதைச் சுற்றி வெள்ளையாக ஒரு பிசிறு. மாமாவுக்குக் குதிரை என்றாலே ஆகாது, அவர் ஏறியதெல்லாம் பனிவண்டி. அவர் திரும்பிப் பார்த்து, "யாரு இது?" என்று பேரனிடம் கேட்டார். நீங்கதான் தாத்தா என்றான் அவன். ஓ என்று சொல்லிவிட்டுக் கறி சாப்பிட ஆரம்பித்தார்.

அதுகூடப் பரவாயில்லை. வந்தவர்களெல்லாம் வரிசையாகச் சல்கினாயிடம் வந்தார்கள். இந்தக் குடும்பத்தில் பேனர் செய்கிறவள் அவள்தான் என்று ஊருக்கே தெரியுமே. என்ன கைவேலை, கழுகு அப்படியே பறக்கிறது என்றார்கள். அந்தக் கல்யாண மாப்பிள்ளையின் அம்மா, அதான் இதயம் ஒட்டியவள், கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்தாள். இப்போதுதான் உனக்குச் சரியாக வந்திருக்கிறது, எங்க வீட்டு விருந்துக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றாள். நானில்லை என்று இவள் சொல்லப் பார்த்தாள். தன்னடக்கம் என்று அதையும் பாராட்டினார்கள். தொகுப்பாளன் மைக்கில் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னான். எழுந்து நின்று, கையை முழங்காலில் வைத்து, முறைப்படி குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தாள். வரையப் பழக ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான்.

அடுத்த நாள் காலை. முற்றத்தில் கொப்பரைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம், நான், சல்கினாய், மாமியார், உதவிக்கு இரண்டு பக்கத்துவீட்டுப் பெண்கள். நாத்தனார் விடியலிலேயே பிஷ்கெக் போய்விட்டார். ஆண்கள் இன்னும் எழவில்லை. சல்கினாய் திடீரென்று தேய்ப்பதை நிறுத்தி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"கெஞ்செபெக் தம்பியா? அந்த வெள்ளை இன்னும் உங்ககிட்ட இருக்கா? அதை அடிங்க."

விருந்து முடிந்துவிட்டதே என்றான் அவன். முடிந்தது தெரியும், அடிங்க என்றாள். எங்கே மாட்டப் போகிறாள் என்று எனக்கும் கேட்கத் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நேற்று வாங்கிய கைதட்டல் அவள் தொண்டையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அதைத் துப்பாமல் அவளால் மூச்சுவிட முடியாது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"சரிம்மா, அடிச்சிடலாம். பேரைச் சொல்லுங்க."

சொன்னாள்.

முணுமுணுப்பாக இல்லை. பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களே, அப்படி. ஒரு வருடம் வரைந்த ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. என் கையிலிருந்த சட்டி நழுவியது. பக்கத்துவீட்டுப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் தேய்ப்பதை நிறுத்தவில்லை, ஆனால் ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார். போனில் கெஞ்செபெக், கேட்டுடுச்சும்மா, ஏத்திடறேன் என்றான்.

அப்போது நடுவீட்டுக் கதவு திறந்தது. மாமா நின்றார். ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் கம்பளிக் காலுறை. தலை கலைந்திருந்தது.

"யாரு கூப்பிட்டது?"

மாமா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"என் பேர் கேட்டுச்சே. பனிவண்டியில என்கூட இருந்தவன் போனப்புறம் அந்தப் பேர்ல யாரும் கூப்பிட்டதில்லே. யாரோ கூப்பிட்டீங்க."

அவர் சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு அப்பா, எங்களுக்கு மாமா, பேரன்களுக்குத் தாத்தா, தெருவுக்குப் பெரியவர். மாமியாருக்கு ‘இந்தாங்க’. பெயர் சொல்லிக் கூப்பிடும் வயதுக்காரர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மாமியார் தலையைத் தூக்காமல் சொன்னார். "கேக்குறார் இல்லே. சொல்லு."

சல்கினாய் போனைக் கீழே வைத்தாள். சாம்பல் படிந்த பாவாடையோடு எழுந்து நின்று, மாமாவின் முகத்தைப் பார்த்து, இரண்டாம் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னாள்.

"ம், நான்தான்," என்றார் மாமா. "என்னம்மா வேணும்?"

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். விருந்தில் அழாதவள், நாத்தனார் போனைப் பிடுங்கியபோது அழாதவள், சின்னப் பிள்ளை அப்பனிடம் புகார் சொல்வதுபோல முற்றத்தின் நடுவில் நின்று விக்கி விக்கி அழுதாள்.

"உங்க பேரை ஒரு வருஷமா வரைஞ்சேன் மாமா. யாரும் மாட்டவே இல்லே."